அம்மாவை ஆய்வு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள்: சம்மதிக்கும் முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 61. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கைமடியாக (தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளராக)ச் சேர்ந்து, பிறகு பிசிறு வெட்டி, கடைசியில் செக்கிங் மேசையில் நின்று, மொத்தம் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். முழங்கால் வலியால் வேலையை விட்டு ஐந்தாண்டுகள் ஆகின்றன. இப்போது அவிநாசிக்கு அருகில் என் குடும்பத்துடன் இருக்கிறார். சென்ற வாரம், அவருடன் ஒரே மேசையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் ஓர் ஆய்வு மாணவியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். பனியன் தொழிலில் உழைத்து ஓய்ந்த பெண்களின் முதுமைக் காலம் பற்றி அந்த மாணவி பிஎச்.டி. ஆய்வு செய்கிறாராம். அம்மாவிடம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் வரை பேச வேண்டும் என்றும், பேச்சை ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதி வேண்டும் என்றும் கேட்டார். இரண்டு பக்க விளக்கத் தாளையும் கையொப்பமிட வேண்டிய படிவம் ஒன்றையும் கொடுத்துவிட்டு, "யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை" என்று கூறிச் சென்றுவிட்டார்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். தயக்கம் எங்களுக்குத்தான். அம்மாவுக்குத் தம் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் படிக்கத் தெரியாது. முன்பு ஒரு கம்பெனியில் வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டதை அவர் இன்றுவரை மறக்கவில்லை. அதே கம்பெனி வாராவாரம் பி.எஃப். என்று பிடித்த தொகையையும் கட்டவில்லை. இதையெல்லாம் சொன்னால் ஏதாவது வம்பு வருமா? முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். வீட்டு வருமானம் பற்றி அவர் சொல்வது அலுவலகத்துக்குப் போய்ச் சேருமா? இத்தனை ஆயிரம் பேர் இருக்க, என் தாயார் ஏன்? மறுத்தால் அழைத்து வந்த அக்காவுக்குச் சங்கடமாகுமோ என்பது அம்மாவின் கவலை. செலவழிக்கும் நேரத்துக்காக 400 ரூபாய் தரப்படும் என்று தாளில் இருக்கிறது; ஆய்வில் கலந்துகொள்பவருக்குப் பணம் தருவது வழக்கம்தானா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

களத்துமேடு எழுதியது:

வணக்கம் நண்பரே. பதினான்கு ஆண்டுகள் பெரிய கணக்கெடுப்புகளில் வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். கதவைத் திறந்ததும் "ரேஷன் கார்டு விஷயமா?" என்றோ "ஓட்டர் லிஸ்டுக்கா?" என்றோ கேட்காத வீடு குறைவு. எனவே உங்கள் தயக்கம் எனக்குப் புதிதல்ல.

முதலில், நான் செய்த வேலையும் அந்த மாணவி செய்யவிருப்பதும் வெவ்வேறு என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-93இல் தொடங்கி, ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. அந்தச் சுற்றில் மட்டும் நாடு முழுவதும் 6.36 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றார்கள். அதில் ஒரு வீடு தேர்வாவது, அங்கே இருப்பவர் யார் என்பதைப் பார்த்தல்ல. பட்டியலில் அந்த வீட்டின் எண் குலுக்கல் முறையில் விழுந்ததால்தான். "எங்களை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்களேன்" என்று எங்களிடம் சொல்லாதவர் இல்லை. அப்படி மாற்றிக்கொண்டால் கணக்கே கெட்டுவிடும். வசதியாக வீட்டில் இருப்பவர்களும் பேச விருப்பமுள்ளவர்களும் மட்டுமே மாதிரியில் மிஞ்சுவார்கள். வேலைக்குப் போனவர் விடுபட்டுப் போவார். அதனால்தான் பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் வருகிறோம். 2022-23ஆம் ஆண்டின் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்த மாதங்களில் மூன்று முறை செல்வதே திட்டம், இரண்டாம் முறை போனபோது "எண்ணெய் விலையை மறுபடியும் கேட்கவா வந்தீர்கள்?" என்று ஒரு பாட்டி என்னைத் திண்ணையிலேயே நிறுத்திவிட்டார். இந்த வகைக் கணக்கெடுப்பில் கேள்விகள் அச்சிட்டபடியே, அதே வரிசையில் வரும். குடும்ப நல ஆய்வில் உயரம், எடை பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, இரத்தம் மட்டும் தரமாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு.

உங்கள் தாயாருக்கு வந்திருப்பது ஆழ்ந்த நேர்காணலுக்கான அழைப்பு. இங்கே குலுக்கல் கிடையாது. பனியன் கம்பெனியில் நெடுங்காலம் இருந்து வெளியே வந்த பெண் என்பதாலேயே, ஒருவர் மூலம் இன்னொருவர் என்று தேடி வந்திருக்கிறார்கள். இருபது முப்பது பேரிடம் பேசினாலே ஓர் ஆய்வுக்குப் போதும் என்பதால், ஒருவர் மறுத்தால் வேறொருவரைத் தேடிக்கொள்வார்கள். அக்காவுக்கு அதனால் குறையில்லை. மாணவியின் கையில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் இருக்கும். "ஒன்றரை ஷிப்டு முடித்து வந்த பிறகு வீட்டில் யார் சமைத்தார்கள்?", "சனிக்கிழமை கூலி வாங்கியதும் யார் கையில் கொடுப்பீர்கள்?" என்பது போல் தொடங்கி, அவர் சொல்லும் வழியிலேயே பேச்சு போகும். பதிலில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. "எனக்கு என்ன தெரியும், படித்தவர்களைக் கேளுங்கள்" என்று பல பெண்கள் தொடங்குவார்கள். அரை மணி நேரத்தில் நிறுத்த முடியாமல் பேசுவார்கள்.

உதவித்தொகை பற்றி: ஆய்வாளர் யாருடைய பெயரையும் வருமானத்தையும் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புவதில்லை. அதே போல, பேசினால் உதவித்தொகை சீக்கிரம் வரும் என்றும் எண்ண வேண்டாம். அப்படி யாராவது ஆசை காட்டினால் அவர் ஆய்வாளர் அல்லர். ஆதார் நகல், வங்கிக் கணக்கின் கடவுச்சொல், போனுக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்டாலும் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஒரு தொகை தருவது பல இடங்களில் உண்டு. 400 ரூபாய் நியாயமாகவே படுகிறது. கூலி வேலையில் உள்ளவருக்குப் பெருந்தொகை காட்டினால், பிடிக்காமலே சம்மதித்துவிடுவார் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். சிலருடைய ஆய்வுகளுக்கு நிதியே இல்லை. அவர்கள் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கட்டாயமானது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் பதில் சொல்வது கடமை. ஆனால் அந்தச் சட்டத்திலேயே, வழக்கத்தை முன்னிட்டுக் கணவர் பெயரைச் சொல்லாத பெண் அதைச் சொல்லியாக வேண்டியதில்லை என்று ஒரு விலக்கும் உண்டு. கட்டாயக் கணக்கெடுப்பிலேயே ஒரு பெண் வாய் திறக்காமலிருக்க இடம் விட்டிருக்கும்போது, விருப்பத்தின்பேரில் நடக்கும் ஆய்வில் "இந்தக் கேள்வி வேண்டாம்" என்று சொல்ல அம்மா தயங்கவே வேண்டியதில்லை.

பல்லடம்ரோடு எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். நான் கேள்வி கேட்ட பக்கம் இருந்தவள் அல்லள். பதில் சொன்ன பக்கம் இருந்தவள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்ற ஓர் ஆய்வில் கலந்துகொண்டேன். எந்த நிறுவனம் என்பதைச் சொல்ல விரும்பவில்லை. உங்கள் தாயாருக்கு நேராமல் இருக்கட்டும் என்பதற்காக, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று கேள்வி கேட்ட பெண் நல்லவர். நான் அழுதபோது எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். பெயரை மாற்றிவிடுவோம் என்று சொன்னார். சொன்னபடி மாற்றவும் செய்தார். அறிக்கை வெளிவந்தபோது அதில் நான் "செல்வி". ஆனால் அந்தச் செல்வியைப் பற்றி, "முப்பது வயதில் கணவரை இழந்தவர், இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய், ஓவர்லாக் டெய்லர்" என்று எழுதி, எங்கள் பகுதியின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். எங்கள் லைனில் இரட்டைப் பெண் குழந்தைகள் உள்ள ஓவர்லாக் டெய்லர் என்னைத் தவிர வேறு யார்? என் சூப்பர்வைசரைப் பற்றி நான் சொன்ன இரண்டு வரிகள் அப்படியே மேற்கோளாக இருந்தன. அதைப் படித்தவர் ஒருவர் கம்பெனியில் வாசித்துக் காட்டிவிட்டார். யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த மாதம் முதல் என் மெஷினுக்குத் தைக்க வேண்டிய துணிக் கட்டுகள் கடைசியாகத்தான் வந்தன. தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். "பெயரை மாற்றித்தானே போட்டோம் அம்மா" என்றார்கள். எனவே, பெயரை மாற்றுவீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். ஊர், பிள்ளைகள், வேலையின் பெயர், கம்பெனி இருக்கும் தெரு ஆகிய எல்லாம் சேர்ந்தால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அந்த மாணவியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அச்சிடுவதற்கு முன் அம்மாவைப் பற்றிய பகுதியை ஒருமுறை படித்துக் காட்டும்படி கேளுங்கள். நான் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

கரும்பலகை எழுதியது:

வணக்கம். கல்லூரியில் சமூகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களைக் களத்துக்கு அனுப்பும் முன் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பல்லடம்ரோடு அம்மையார் எழுதியதைப் படித்தபோது, எங்கள் குழு எத்தனை படிவங்களில் "பெயர் மாற்றப்படும்" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஒப்புதல் அளித்திருக்கும் என்று எண்ணி வெட்கப்பட்டேன்.

மாற்றுப் பெயர் என்பது எங்கள் துறையில் பழைய வழக்கம். மானிடவியலாளர் கேத்லீன் காஃப் 1950களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்த தஞ்சாவூர்க் கிராமம் அவருடைய எழுத்தில் "கும்பப்பேட்டை". சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் ஆராய்ந்த, அதே மாவட்டத்து வேறோர் ஊர் "ஸ்ரீபுரம்". வெளியூர் வாசகருக்கு அந்தப் பெயர்கள் ஒரு திரை. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்தால், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதைச் சொல்லிவிடுவார். திரை எப்போதும் வெளியாருக்குத்தான் போடப்படுகிறது. ஆபத்தோ பெரும்பாலும் உள்ளூரிலிருந்துதான் வருகிறது. ஆகவே உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, கம்பெனியின் பெயர், முதலாளியின் பெயர், மேஸ்திரியின் பெயர் ஆகியவற்றைச் சொல்லாமலே பேச முடியும், பி.எஃப். பிடித்தும் கட்டவில்லை என்ற அனுபவம்தான் ஆய்வுக்கு வேண்டியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு நம் நாட்டில் ஆய்வாளரிடம் சொல்வதற்கு இல்லை. இரகசியம் காப்பேன் என்று ஆய்வாளர் தருவது தொழில் சார்ந்த வாக்குறுதிதான். அதை அவர் மனமாரக் காப்பாற்றுவார், ஆனாலும் நீதிமன்றம் கேட்டால் அவர் என்ன செய்ய முடியும் என்பது வேறு கேள்வி. பெயர்களே பதிவாகாமல் இருந்தால் அந்தக் கேள்வியும் எழாது.

படிவம் பற்றி. உங்கள் தாயாருக்குப் படிக்கத் தெரியாது என்பதை மாணவியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது எழுத்தறிந்த நடுநிலையான சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். உடல்நலம் சாராத சமூக ஆய்வுகளுக்கு அந்த நெறிமுறை அப்படியே பொருந்தாது. ஆனாலும் நல்ல நிறுவனங்கள் அதைப் பின்பற்றுகின்றன. மகனாகிய நீங்கள் சாட்சியாக இருப்பதைவிட, அம்மா நம்பும் பக்கத்து வீட்டு ஆசிரியர் போன்ற ஒருவர் இருப்பது மேல். படிவத்தை வாசித்து முடித்ததும், "நீங்கள் கேட்டதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள் அம்மா" என்று மாணவியே கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நீங்கள் நினைவூட்டுங்கள். அம்மா திருப்பிச் சொன்ன பிறகு இடும் கையொப்பம்தான் சம்மதம். மற்றது அவர் கம்பெனியில் போட்ட கையொப்பத்தைப் போன்றதே. படிவத்தின் ஒரு பிரதி அம்மாவிடம் இருக்க வேண்டும். மேற்பார்வையிடும் பேராசிரியரின் பெயரும், குறை சொல்ல வேண்டுமானால் யாரிடம் சொல்வது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

"எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்று எல்லாத் தாளிலும் எழுதியிருப்பார்கள். அது முழு உண்மை அல்ல. நேர்காணலின் நடுவில் எழுந்து போகலாம். மறுநாள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆய்வேடு அச்சாகிய பிறகு அதிலிருந்து ஒருவரின் சொற்களைப் பிரித்தெடுக்க முடியாது. எனவே எந்தத் தேதி வரை சொன்னால் பதிவை நீக்குவீர்கள் என்று கேட்டுத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கப்போவது யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நேரமில்லாத மாணவர்கள் உள்ளூர் டைப்பிங் சென்டரில் கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் மேஸ்திரியின் மகளாகவும் இருக்கலாம்.

ஆய்வினால் அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களின் நிலையை எழுதச் செய்தார். அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டுக்கு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர் அது, 2008 வரை வெவ்வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் மறுபடியும் சென்றிருக்கிறார்கள். நிலம் கை மாறியதையும் கூலி மாறியதையும் ஒரு நூற்றாண்டு நெடுக அறிய அது எங்களுக்குப் பெரும் கொடை. கேள்விகளுக்குப் பதில் சொன்ன தலைமுறைகளுக்கு நேரடியாக ஒரு சல்லிக்காசும் கிடைத்திருக்காது. சமூக ஆய்வின் பயன் அப்படித்தான். சொன்னவருக்கு அன்றே வந்து சேர்வதில்லை. இதை ஒளிக்காமல் சொல்லும் மாணவியை நம்பலாம். முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாவது எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தாளில் இல்லாதவற்றைப் போனில் கேட்டேன். எழுத்தாக்கும் வேலையைத் தாமே செய்வதாகவும், இந்த ஆண்டு டிசம்பர் இறுதி வரை பதிவை நீக்கச் சொல்லலாம் என்றும் மாணவி சொன்னார். அம்மாவும் சரி என்கிறார். இன்னும் ஒரு கேள்வி. நேர்காணலின்போது நான் உடன் இருப்பது நல்லதா? அம்மாவுக்குத் துணையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவி, "முடிவு அம்மாவுடையது" என்று மட்டும் சொன்னார்.

களத்துமேடு எழுதியது:

அந்தப் பதிலிலிருந்தே அவர் பழகிய ஆய்வாளர் என்று தெரிகிறது. குடும்ப நல ஆய்வில் வீட்டு வன்முறை பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் அதைக் கேட்பார்கள். அவரைத் தனியாக வைத்துப் பேச முடியாவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும் என்பது விதி. உடன் பணியாற்றிய பெண் களப்பணியாளர்கள், "அப்பா, நீங்கள் அந்தத் தாத்தாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள்" என்று என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போவார்கள். உங்கள் தாயாரின் ஆய்வு வன்முறை பற்றியதல்ல. ஆனாலும் முதுமை, மகன் வீடு, மருமகள், கையில் காசில்லாமை என்றெல்லாம் பேச்சு வரும். நீங்கள் எதிரில் இருந்தால் அவர் உங்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். தவறாக எண்ண வேண்டாம். அருகில் எங்காவது இருங்கள், அறைக்குள் வேண்டாம். யாரிடம் எதைச் சொல்வது என்பதை அம்மாவே தீர்மானிக்கட்டும்.

நொய்யல்கரை எழுதியது:

முதல் நேர்காணல் நேற்று முடிந்தது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சாட்சியாக வந்து, படிவத்தைத் தாமும் ஒருமுறை வாசித்துக் காட்டினார். "பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டாம், மார்கழி பாதிக்குள் சொன்னால் அழித்துவிடுவீர்கள், அவ்வளவுதானே கண்ணு?" என்று அம்மா திருப்பிச் சொன்னார், பிறகுதான் பேனாவை வாங்கினார். நான் திண்ணையில் இருந்தேன். ஒன்றரை மணி நேரம் என்றது இரண்டேகால் மணி நேரமாகிவிட்டது. காலதாமதம் முழுக்க அம்மாவால்தான். நடுவில் ஒருமுறை, "அதை நிறுத்து" என்று ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் பேசியது எனக்குக் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. இரவு சாப்பிடும்போது, அப்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பெண்ணையே எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், உனக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றினார். இரண்டாவது சந்திப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் வெளியில் எங்காவது போய்விட்டு வரவேண்டுமாம்.